மருதமலை ஏறிய கோடு

பிளைவுட் மழையில் நனையக் கூடாது. அதைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனாலும் தொண்ணூற்றாறில், எம்.ஏ. பொருளாதாரத்துக்காக, சிங்கப்பூரும் அமீரகமும் பத்தாண்டுகளில் இறக்குமதி செய்த பிளைவுட் வகையறாவை ஒப்பிட்டு ஓர் ஆய்வு எழுதினேன். நல்ல தலைப்புகளையெல்லாம் படிக்கிற பையன்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

என்னுடைய உண்மையான துறை நகைச்சுவை. கல்லூரி மலரில் எழுதுவேன். அச்சகத்தில் ஒருவர் சிரித்ததாகக் கேள்வி. பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமி என் கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"ஏனுங்க, எங்கெங்க சிரிக்கோணும்னு ஓரத்துல எழுதியிருக்கலாமுங்களே?"

கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் எழுத்துக்கு நான் கண்ணால் கண்ட ஒரே சிரிப்பு அது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் அப்பா பாலுசாமி மாமாவுக்குப் பிளைவுட் கடை. மகளுக்கு வந்த இரண்டு வரன்களும் அதே தொழில். நஞ்சுண்டன் சிங்கப்பூரில், லட்சுமணசாமி துபாயில், இருவரும் பலகை இறக்குமதி செய்யும் கம்பெனிகளில். ஜாதகம் இரண்டும் பொருந்தித் தொலைத்ததால் மாமா என்னிடம் வந்தார்.

"கண்ணு, எந்த நாட்டுல பலகை வாங்கறது வருசா வருசம் ஏறுதோ, அங்கதான் மாப்பளைக்கு வேலை நெலைக்கும். நீ அதையேதான் படிக்கறயாமா. பாத்துச் சொல்லிப்போடு சாமி."

சென்னிமலை லட்சுமணசாமியை எனக்குத் தெரியும். வழியில் ஆட்டுக்குட்டி படுத்திருந்தால் ஸ்கூட்டரை அணைத்துவிட்டு, அது எழும்வரை நிற்கிற ஆள். நஞ்சுண்டனையும் தெரியும், என் ஹாஸ்டல் சீனியர். தோசை தாமதமானதென்று மெஸ் சமையல்காரரின் கையைப் பிடித்துத் தோசைக்கல்லில் வைத்து அழுத்தினார். வரிசையில் அடுத்து நின்றது நான். அன்று எனக்குத் தோசை சீக்கிரம் கிடைத்தது.

ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். இரண்டு நாடுகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஏறியிருந்தன. மாமாவுக்காக இரண்டு வரைபடங்கள் போட்டேன். அமீரகத்தின் அளவுகோலைப் பூஜ்யத்தில் தொடங்கினேன்; சிங்கப்பூரின் அளவுகோலைப் பாதியில் தொடங்கினேன். அவ்வளவுதான். அமீரகக் கோடு அவினாசி ரோடு மாதிரிப் படுத்துக் கிடந்தது. சிங்கப்பூர்க் கோடு மருதமலை ஏறியது. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நிச்சயத்துக்கு முன்பு வெங்கடலட்சுமி வேலியோரம் வந்து கேட்டாள். "சிங்கப்பூர்க்காரர் உங்க ஆஸ்டல்தானுங்களே. ஆளு எப்படீங்க? நீங்க சொன்னா நம்புவனுங்க."

"சமையக்கட்டு மேல ரொம்ப அக்கறையுங்க," என்றேன்.

நான் சொன்னவற்றிலேயே சிறந்த ஜோக் அது. அவள் சிரிக்கவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டாள். அவளுக்கு நகைச்சுவை உணர்வு குறைவு என்பது அன்று எனக்கு உறுதியாயிற்று.

இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிட்டாள். வலது கையில் முழங்கைவரை கட்டு. என்ன ஆனதென்று யார் கேட்டாலும் "தோசைக்கல்லுங்க" என்கிறாளாம்.

எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் கிடையாது. நாளைக்கு அந்த இரண்டு வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு பார்க்கப் போகிறேன். எங்கெங்கே சிரிக்க வேண்டும் என்று இந்த முறை ஓரத்தில் எழுதிவிட்டேன்.