சூடு தெரியாத கை

திருத்தங்கலில் விருதுநகர் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் மடியில் ஒரு பிளாஸ்க் இருந்தது.

"என் கையை நம்பிக் கெட்டேன், மைனி."

"என்னடி சொல்ற?"

"நாலு நாளா பிள்ளைக்குக் காய்ச்சல். நேத்துக் காலையில நெத்தியத் தொட்டுப் பாத்தேன். சூடே இல்ல. விட்டிருச்சுன்னு மருந்து ஊத்தாம வேலைக்குப் போயிட்டேன். மத்தியானம் வலிப்பு வந்திருச்சு. அவுக அப்பாதான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்காக. போனைத்தான் கம்பெனி கேட்லயே வாங்கி வச்சிருவாகளே, எனக்குச் சாயங்காலந்தான் தெரியும். பிள்ளை இன்னும் கண்ணு முழிக்கல."

மூத்தவள் அவளுடைய வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். எப்போதோ பட்டாசுத் தீயில் வெந்து ஆறிய தோல், மெழுகு போல வழுவழுவென்று இருந்தது.

"இந்தக் கையிலயா தொட்டுப் பாத்த? இதுலதான் உனக்கு உணர்ச்சியே கெடையாதே."

"இடது கையில தூக்குவாளி இருந்துச்சு. வேன்காரர் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தாரு."

ஆமத்தூர் தாண்டியதும் இளையவள் அந்தக் கையைப் பிளாஸ்க் மேல் வைத்தாள்.

"'சுடுதாம்மா'ன்னு அவனே கேட்டான், மைனி. இல்லன்னு சொல்லிட்டேன்."