ஏணியின் அடியைப் பிடித்தவர்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் வீட்டுத் தரகர் சங்கத் தலைவர் அவர்களே, தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அவர் அருகில் இருக்கும் மகளே, கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து இந்த மண்டபத்தை நிரப்பியிருக்கும் அக்கம்பக்கத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, இடம் கிடைக்காமல் சன்னலோரம் நிற்கும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம்மை விட்டுப் பிரிந்த ஏணிக்காரர் அண்ணனும் வீட்டுத் தரகர், நானும் வீட்டுத் தரகன். ஒரே தெருவில், நேர் எதிரெதிரே எங்கள் அலுவலகங்கள். போட்டிக்காரனைக் கூப்பிட்டு இரங்கல் உரை ஆற்றச் சொல்லியிருக்கிறார்களே என்று சிலர் யோசிக்கலாம். நானும் யோசித்தேன். அண்ணிதான் சொன்னார்கள், "நீங்கதான் பேசணும். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அவரையே பாத்துக்கிட்டு இருந்தது நீங்க ஒருத்தர்தானே" என்று. மறுக்க முடியவில்லை. அவர் வாசலில் எத்தனை செருப்பு கிடக்கிறது என்று பார்த்துப் பார்த்தே என் கழுத்துக்கு வலி வந்தது.

சிரிக்கலாம், தவறில்லை. இதோ இந்தப் படத்தைப் பாருங்கள். கூட்டத்துக்கு ஏற்றாற்போல் கொஞ்சம் அமைதியான முகத்தோடு ஒரு படம் வேண்டுமென்று வீடு முழுக்கத் தேடினோம். எல்லாப் படத்திலும் பல் தெரிகிறது. அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார், நாமும் அப்படியே வழியனுப்புவோம் என்று முடிவு செய்தோம்.

சற்று முன்பு மௌன அஞ்சலி செலுத்தினோம். அப்போது ஒரு போன் அடித்தது. பல தலைகள் திரும்பின. யாருக்கு இவ்வளவு அலட்சியம் என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். ஐயா, அது ஏணிக்காரர் அண்ணனின் போன். மகளின் கைப்பையில் இருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். நான் பக்கவாட்டுக் கதவருகே நின்றிருந்தேன், பேசியது காதில் விழுந்தது. அது என்ன என்பதை என் உரையின் முடிவில் சொல்கிறேன்.

நண்பர்களே, ஒரு தரகன் தான் பிழைக்கும் பகுதியில் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்? எங்கள் தொழிலில் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி இது. நான் என்ன செய்தேன் தெரியுமா? என் முகத்தைப் பெரிதாகப் போட்டு, பளபளக்கும் தாளில் நோட்டீஸ் அடித்தேன். வீட்டுக்கு வீடு கதவிடுக்கில் செருகினேன். இரவில் எரியும் விளக்குப் பலகை வைத்தேன். வாட்ஸ்அப்பில் குழு தொடங்கித் தினமும் காலை வணக்கம் சொன்னேன். பாதிப் பேர் வெளியேறினார்கள், மீதிப் பேர் சத்தமே வராமல் குழுவை மியூட்டில் போட்டுவிட்டார்கள். என் நோட்டீஸ் மட்டும் எல்லா வீட்டிலும் இருந்தது. அலமாரித் தட்டில் விரித்து அதன் மேல் டப்பா அடுக்கியிருந்தார்கள்.

ஏணிக்காரர் அண்ணன் என்ன செய்தார்? ஒரு ஏணி வாங்கினார்.

இரண்டு மாடி உயரத்துக்கு நீளும் அலுமினிய ஏணி. அதன் இரண்டு பக்கச் சட்டங்களிலும் சிவப்புப் பெயின்டில் "வீடு வாங்க, விற்க, வாடகைக்கு" என்று எழுதி, கீழே தன் போன் நம்பரைப் போட்டார். அலுவலக வாசலில் சாய்த்து வைத்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்றார். யோசித்துப் பாருங்கள், நம் வீடுகளில் என்ன இல்லை? டிவி இருக்கிறது, வாஷிங் மெஷின் இருக்கிறது, அரைப்பதற்கு ஒன்று, பிழிவதற்கு ஒன்று எல்லாம் இருக்கிறது. ஏணி எத்தனை பேரிடம் இருக்கிறது? வாங்கினால் வைக்க இடமில்லை, வாங்காவிட்டால் பல்பு மாற்ற வழியில்லை. அந்த ஒரு குறையை அவர் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அந்த ஏணி அவர் வாசலில் இருந்ததைவிட உங்கள் வாசல்களில் இருந்ததுதான் அதிகம்.

அதில் அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. ஏறுகிறவர் தனியாக இருந்தால் ஏணி தனியாகப் போகாது. அவரும் கூடவே வருவார். அடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "நீங்க மேல பாத்து வேலையைச் செய்யுங்க, கீழ நான் இருக்கேன்" என்பார். நீங்கள் மேலே ஒட்டடை அடிப்பீர்கள், அவர் கீழே நின்று பேச்சுக் கொடுப்பார். அப்படியே மகனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்த கதை வரும், மாடிப் போர்ஷன் காலியாகப் போகிற கதை வரும், இந்தப் பெரிய வீட்டை வைத்துக்கொண்டு இரண்டே பேர் என்ன செய்வது என்ற பெருமூச்சு வரும். எனக்கு எப்போதும் விளங்காமல் இருந்தது, ஒரு வீடு காலியாவது இவருக்கு மட்டும் முன்கூட்டியே எப்படித் தெரிகிறது என்று. ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏணி மேல நிக்கிறவங்க கீழ நிக்கிறவன்கிட்ட மனசு விட்டுப் பேசுவாங்க தம்பி. பிடி நம்ம கையில இருக்குல்ல" என்றார். சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆனால் அந்த ஏணி ஒரு குடும்பத்தில் குழப்பம் செய்த கதை உண்டு. மேடையில் இருக்கும் மேலாளர் ஐயா இப்போதே நெளிகிறார், பாருங்கள். ஐயா வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏணி போயிற்று. அன்று வேலை முடியாததால் வீட்டு முகப்பிலேயே சாய்ந்திருந்தது. மறுநாள் காலை ஐயா கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம், ஒரு குடும்பம் வந்து கதவைத் தட்டியது. ஐயாவின் வீட்டு அம்மா திறந்தார்கள். "சமையலறையைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றார்கள் வந்தவர்கள். பின்னாலேயே இன்னொரு குடும்பம் வந்து, மாடிக்குத் தனி வழி உண்டா என்று கேட்டது. ஏணியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, வீடு விற்பனைக்கு என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். அம்மாவும் அப்படியே நினைத்துவிட்டார்கள், அதுதான் விஷயம்.

ஐயா பையோடு திரும்பி வந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வீட்டை விக்கக் கிளம்பிட்டீங்களா?" என்றார்கள் அம்மா. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. ஐயா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், தொட்டி என்றார், பாசி என்றார், ஒன்றும் எடுபடவில்லை. ஓட்டமும் நடையுமாக ஏணிக்காரரிடம் வந்தார். அண்ணன் நேரே போய் அம்மாவை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று, பாதி கழுவிய தொட்டியைக் காட்டினார். "வீட்டை விக்கிறவங்க யாராவது தொட்டியை இவ்வளவு சுத்தமா கழுவுவாங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டார்கள். ஐயா தப்பித்தார்.

அன்றைக்கே அண்ணன் ஓர் அட்டையை வெட்டி, கயிறு கோத்து, ஏணியின் நடுவில் கட்டினார். "இந்த வீடு விற்பனைக்கு இல்லை. தொட்டி கழுவுகிறோம்." பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை. "விற்பனைக்கு இல்லை. பல்பு மாற்றுகிறோம்." "விற்பனைக்கு இல்லை. பந்து மாடியில் விழுந்துவிட்டது." போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று படித்தார்கள். படித்தவர் கண்ணில் கீழே இருந்த நம்பரும் பட்டது. என் விளக்குப் பலகையை ஒரு மனிதன் நின்று படித்ததை நான் பார்த்ததில்லை.

ஏணியால் மட்டும் அவர் உயர்ந்தாரா? இல்லை. தலைமை ஆசிரியை அம்மாவைக் கேளுங்கள். அவர்கள் இங்கே மாற்றலாகி வந்தபோது, பார்த்தவுடன் பிடித்துப்போன ஒரு வீட்டுக்கு அப்போதே முன்பணம் கொடுக்கத் தயாராக நின்றார்கள். அண்ணன் வாங்கவிடவில்லை. "வெயில்ல எல்லா வீடும் நல்ல வீடுதாம்மா. ஒரு மழை பெய்யட்டும், வந்து பாருங்க" என்றார். மழை பெய்தது. குடையோடு போனார்கள். படுக்கையறைச் சுவரில் ஈரம் இறங்கியிருந்த இடத்தை அவரே கைவைத்துக் காட்டினார். கைக்கு வந்த வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்ளும் ஆளை நான் அன்றுதான் பார்த்தேன், எதிரே என் அலுவலகத்தில் உட்கார்ந்து ரகசியமாக மகிழ்ந்தேன். என்ன ஆயிற்று? அம்மா அவர் காட்டிய வேறு வீட்டுக்குப் போனார்கள். அடுத்து அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக அவரிடம் வந்தார்கள். வீட்டின் குறையைத் தானே சொல்லுகிற தரகர் என்ற பேச்சு இந்தப் பகுதி முழுக்கப் பரவியது. அதற்கு நோட்டீஸ் எதுவும் தேவைப்படவில்லை.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிறேன். என் வீடு, தரகன் வீடு, அதன் முகப்பில் ஏணிக்காரரின் ஏணி சாய்ந்திருக்கிறது. வீடு வாங்க, விற்க, வாடகைக்கு. கொட்டை எழுத்தில் அவர் நம்பர். எனக்கு எப்படி இருந்திருக்கும்? உள்ளே போய் மனைவியிடம் குதித்தேன். அவள் அசையவில்லை. "துணிக்கொடி அறுந்து போச்சு. உங்ககிட்ட நோட்டீஸ் இருக்கு, அவர்கிட்ட ஏணி இருக்கு. நான் யாரைக் கூப்பிடுவேன்?" என்றாள்.

வெளியே வந்து பார்த்தால் ஏணியில் அட்டை தொங்குகிறது. என்ன எழுதியிருந்தார் தெரியுமா? "இந்த வீடு விற்பனைக்கு இல்லை. துணிக்கொடி கட்டுகிறோம். இந்த வீட்டுக்காரரும் நல்ல தரகர்தான், அவரையும் கேட்டுப் பாருங்கள்." கீழே என் நம்பரை எழுதியிருந்தார். நண்பர்களே, அந்த அட்டையைப் படித்துவிட்டு என்னைத் தேடி வந்தவர்கள் இந்த மண்டபத்தில் இப்போதும் உட்கார்ந்திருக்கிறார்கள். போட்டிக்காரனுக்கு விளம்பரம் எழுதிக் கொடுக்கிற மனம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? அந்த அட்டையை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த மனிதர் சென்ற வாரம் ஒரு பிற்பகலில், தன் அலுவலக நாற்காலியில் சாய்ந்தவாறே போய்விட்டார். தெருவைக் கடந்து ஓடியவன் நான். அந்த நிமிடத்தைப் பற்றி அதிகம் பேச எனக்கு வரவில்லை. எதிர்ப்பக்கம் ஷட்டர் மூடியிருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கை ஓடவில்லை, மன்னியுங்கள்.

ஷட்டர் மூடிய கையோடு ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். டை கட்டியவர். அலுவலகத்தை எடுத்துக்கொள்கிறோம், முக்கியமாக அந்தப் போன் நம்பரை எடுத்துக்கொள்கிறோம் என்றார். எமகாதகர்கள், எதற்கு மதிப்பு என்று தெரிந்துதான் வந்திருக்கிறார்கள். இந்தப் பகுதியில் அந்த நம்பர் யாருக்கு மனப்பாடம் இல்லை? நாளைக்கு மகள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். இத்தனை வருடமாக அப்பாவின் அலுவலகத்தில் பத்திரங்களைச் சரிபார்த்து, ஒப்பந்தம் எழுதி, எல்லா வேலையும் செய்தவள் அவள். ஆனாலும் தயங்கினாள். நேற்று என்னிடம் வந்து கேட்டாள், "சித்தப்பா, நம்பரைக் குடுத்துடவா? எல்லாரும் அப்பா பேச்சுக்காகத்தான் வந்தாங்க. எனக்காக யாரு வருவா?"

நம்பரைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்தது. எங்கோ ஓர் அறையில் ஒரு குரல் பேசும். வாங்குவதற்கு ஒன்றை அழுத்தவும், விற்பதற்கு இரண்டை அழுத்தவும். ஐயா, ஏணி வேண்டுமென்றால் எதை அழுத்துவது?

இப்போது அந்தப் போனுக்கு வருகிறேன். இன்று காலை இந்த மண்டப வாசலில் அண்ணனின் படத்தோடு பேனர் கட்டினோம். கட்டுவதற்கு அவருடைய ஏணியைத்தான் கொண்டுவந்தோம். கட்டிவிட்டு, கூட்ட வேலையில் அதை அங்கேயே சாய்த்தபடி விட்டுவிட்டோம். அட்டை எழுதிக் கட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நாம் எல்லோரும் எழுந்து தலை குனிந்து நின்ற நேரத்தில், ஊருக்குப் புதிய யாரோ ஒருவர் இந்த வழியே போயிருக்கிறார். ஏணியைப் பார்த்திருக்கிறார். நம்பரைப் போட்டிருக்கிறார். இந்த மண்டபம் விற்பனைக்கா என்று கேட்டிருக்கிறார்.

ஆமாம், சிரியுங்கள். தன் இரங்கல் கூட்டத்துக்கே ஒரு வாடிக்கையாளரை வரவழைத்துவிட்டார் ஏணிக்காரர்.

மகள் முதலில் அழுதாள். பிறகு அழுகையும் சிரிப்புமாக அவள் பேசியதை அப்படியே சொல்கிறேன். "இல்லீங்க, மண்டபம் விற்பனைக்கு இல்ல. பேனர் கட்டியிருக்கோம். நீங்க வீடு பாக்கிறீங்களா? வீட்ல எத்தனை பேர்? வயசானவங்க இருக்காங்களா? அப்ப மாடி வேணாம். நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வாங்க, நான் இருப்பேன். மழை வந்தாலும் வாங்க, மழையில பாத்தா இன்னும் நல்லது."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சித்தப்பா, நாளைக்குக் கம்பெனிக்காரர் வந்தா, இந்த நம்பர் வேலையில இருக்குன்னு சொல்லிடுங்க" என்றாள்.

கைதட்டலாம், தாராளமாகத் தட்டுங்கள். அண்ணி, நீங்களும் தட்டுங்கள்.

மகளே, உனக்காக யார் வருவார்கள் என்று நேற்றுக் கேட்டாய். இந்த மண்டபத்தைத் திரும்பிப் பார். இதில் உன் அப்பாவின் ஏணியில் ஏறாதவர் யார்? நாளைக் காலை நீ ஷட்டரைத் தூக்கும்போது எதிரே நான் நிற்பேன். போட்டி போடுவேன், அதில் சந்தேகம் வேண்டாம். உன் வாசலில் எத்தனை செருப்பு என்று எண்ணிக் கழுத்து வலியும் வாங்கிக்கொள்வேன். ஆனால் தனியாக ஒருவர் வந்து ஏணி கேட்டால், நீ அலுவலகத்தை விட்டு நகர வேண்டாம். எனக்கு ஒரு குரல் கொடு. என்னால் முடியாத நாளில் நம் சங்கத்தில் யாராவது போவார்கள். தலைவர் தலையாட்டுகிறார், அதை இந்தச் சபை பார்த்துக்கொள்ளட்டும்.

அன்பர்களே, அண்ணன் செய்த வேலை நிற்காது என்று உங்கள் முன் உறுதி கூறுகிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் அந்தப் பேனரை அவிழ்க்க வேண்டும். இளவயதுக்காரர் யாராவது மேலே ஏறுங்கள். பயப்பட வேண்டாம், மேலே பார்த்து வேலையைச் செய்யுங்கள். கீழே நான் இருக்கிறேன்.