பேச்சற்ற ஊர், இரண்டாம் பாகம்

மோரில் இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. வெயிலில் வந்திருக்கிறீர்கள், குடித்துவிட்டே எழுதிக்கொள்ளலாம். ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவன் இனி எந்த வண்டியைப் பிடிக்கப்போகிறேன்.

அறுபத்தைந்தாம் வருஷம் 'பேச்சற்ற ஊர்' என்று ஒரு நாவல் போட்டேன். ஊத்துக்கோட்டையிலிருந்து கல்கத்தா வரை அதைப் படித்து அழாதவர் இல்லை. சரி, முந்நூறு பிரதி அச்சடித்தோம். இருநூற்றெண்பது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மற்ற இருபது பேரும் அழுதார்கள்.

கதை இரண்டாயிரமாவது வருஷத்தில் நடக்கிறது. கும்மிடிப்பூண்டி முதல் எளாவூர் வரை ஒரே புகைபோக்கி, வயல் ஒன்றுகூட இல்லை. ஆலைச் சங்கு ஊதியதும் யாராவது ஒருவன் பெயரை வாசிப்பார்கள். அன்றிலிருந்து அவனை யாரும் அடிக்கக் கூடாது, வையக் கூடாது, அவனோடு பேசவும் கூடாது. அவ்வளவுதான் சட்டம். பெயர் வாசிக்கப்பட்டவன் வீதியில் இறங்கி நடப்பதோடு புத்தகம் முடிகிறது.

ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த ஆதிகேசவன் அதை முப்பது தடவை படித்தான் என்பேன். மூன்று தடவையாவது படித்தான். பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேட்பான்: "சார், அப்பால அந்த ஆளு இன்னா ஆனான்? பாதில உட்டுட்டு நீங்க பாட்டுக்குப் பேப்பர் படிச்சிகினு கீறீங்களே, நாயமா?"

நியாயமில்லைதான். ஆனால் இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்குக் கட்டுப்பட்டது. போட்ட சட்டத்தை மாற்ற முடியாது. முதல் பாகத்தில் அந்தச் சட்டத்தை வெளியே நின்று காட்டிவிட்டேன். அடுத்ததில் அதற்குள்ளே ஒருவன் எப்படி வாழ்கிறான் என்று காட்ட வேண்டும். அது எனக்குத் தெரியவில்லை. தெரியாததை எழுதினால் ஆதிகேசவனைப் போன்ற நல்ல வாசகனை ஏமாற்றியதாகும்.

ஆந்திராவிலிருந்து அரிசி கொண்டுவர இந்த வருஷமும் தடை. எங்கள் ஊரில் பாதிப் பேர் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ரயிலேறி வந்துதான் உலை வைக்கிறார்கள். ஒரு நாள் காலை, அப்படி அரிசி கட்டி வரும் மணியம்மாளிடம், ஆதிகேசவனை எளாவூர் செக்போஸ்ட் ஜீப்பில் பார்த்தேன் என்று சொன்னேன். பார்க்கவில்லை. அன்றே செக்போஸ்டுக்கு, எந்த வண்டியில் யார் யார் வருகிறார்கள் என்று, என் பெயரைப் போடாமல் ஒரு கார்டும் எழுதினேன். இரண்டு நாள் கழித்து மூன்று பெண்கள் பிடிபட்டார்கள், மணியம்மாளும் சேர்த்து.

"கூடவே இருந்துகினு காட்டிக் குடுத்துட்டானே, பேமானி" என்று அவள் புருஷன் கலியன் தடியை எடுத்தான். நான்தான் தடுத்தேன். முதல் பாகத்தில் அடி கிடையாது.

"கை வைக்காதேப்பா. யாரும் அவனோட பேசாம இருந்தா போதும்."

"உன் மனசு யாருக்கு வரும் நைனா" என்று கலியன் கும்பிட்டான்.

ஊர் என் நாவலைவிட ஒழுங்காக நடந்துகொண்டது. டீக்கடையில் ஆதிகேசவன் முன்னால் கிளாஸை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் மனைவி பச்சையம்மா கிணற்றடிக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும், ராட்டினம் மட்டும் கிறீச்சிடும். பன்னிரண்டாம் நாள் அவள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மனைவி கடைசிவரை கூட இருப்பாள் என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன், அடித்துத் திருத்தினேன்.

இருபதாம் நாள் என் வாசலில் வந்து நின்றான். "சார், நீங்களாவது பேசுங்க சார். நான் இன்னா பண்ணேன்?"

நான் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

"சரி, என்னிய உடுங்க. ரெண்டாம் பாகத்துல அந்த ஆளு கூடவாச்சும் யார்னா பேசுவாங்களா சார்? அத்த மட்டும் சொல்லிடுங்க."

அவன் போனதும் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். ஏழு ஜென்மம் எடுத்தாலும் நானாக யோசித்து எழுத முடியாத வசனம்.

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றேகாலுக்கு வயலோரத்தில் அவனைப் பாம்பு கடித்தது. துண்டைக் காலில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினான். ஒன்றும் திறக்கவில்லை. கடைசியில் என்னிடம் வந்தான். அன்று எதுவும் கேட்கவில்லை, காலை மட்டும் காட்டினான். பன்னிரண்டு மணி பாசஞ்சரில் ஏற்றியிருந்தால் கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்கு இருபதே நிமிஷம். வண்டி வந்தது, நின்றது, போனது. அவன் என் வாசற்படியில் சாய்ந்திருந்தான். நான் நான்கடி தள்ளி உட்கார்ந்து ஏழு பக்கம் எழுதினேன். ஒன்றரை மணிக்கு மேல் எழுத ஒன்றும் இருக்கவில்லை.

ஊரைக் குற்றம் சொல்லாதீர்கள். ஜீப் நான் கட்டிய கதை, கார்டில் இருப்பது என் எழுத்து. அவனைக் கொன்றவன் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இதோ கைப்பிரதி. முடிவை மட்டும் மாற்றியிருக்கிறேன். வயதான ஒருவர் கதவைத் திறந்து ஓடிவந்து, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் பேச்சுக் கொடுத்தபடியே ஸ்டேஷனுக்கு ஓடுகிறார். அந்த இடத்தை எழுதும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. என்ன செய்வது ஐயா, ஒருவர் கஷ்டப்படுவதைப் பார்த்தால் என்னால் தாங்க முடிவதில்லை.