மாமனாருக்குக் கிண்டிய லேகியம்

எங்கள் வீட்டு ஓவன் மட்டும் வேலை செய்திருந்தால் விஷயம் ஒரு தட்டு பிஸ்கட்டோடு முடிந்திருக்கும், டொறத்தி அக்கா. நான் தமிழில் சொல்கிறேன். நீங்கள் அந்தப் போலீஸ் அதிகாரிக்கு ஜெர்மனில் சொல்லுங்கள். பொறுமையான மனிதராகத் தெரிகிறார். நானும் அப்படித்தான். கார்ஹிங் ஆய்வுக்கூடத்தில் உலோகங்களைச் சூடாக்கி ஆறவைப்பது என் வேலை. இதுவரை யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை.

செப்டம்பரில் என் மாமனார் உமாபதி திருச்சியிலிருந்து வந்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். வந்த வாரமே, காலைச் சாப்பாட்டின்போது, என்னை எதிரில் வைத்துக்கொண்டே மகளிடம் சொன்னார்: "ஏம்மா நிருபமா, இவரு பேசவே மாட்டாரா? ஃபிரிட்ஜ்கூட அப்பப்ப ஒரு சத்தம் குடுக்குது. பேசாம என்னோட ஊருக்கு வந்துடு."

நிருபமா அவர் தட்டில் இன்னொரு இட்லி வைத்தாள். இரண்டு நாள் கழித்துப் பெரிய பெட்டி ஒன்று வாங்கி வந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம்தான். நான் வேறு வழி பார்த்தேன்.

கீழ்த்தளத்தில் ஒரு மாணவன் இருக்கிறான். உலகக் கோப்பைக்குக் கட்டிய கொடியை இன்னும் ஜன்னலிலிருந்து அவிழ்க்காதவன். பெயர் சொல்ல மாட்டேன், எனக்கும் நாணயம் உண்டு. அவன் கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுத்ததற்குக் கொஞ்சம் கஞ்சா தந்தான். பிஸ்கட்டில் போட்டுச் சாப்பிட்டால் கல்லும் கரையும் என்றான். மாமனார் மனம் கரைந்தால் மகளை விட்டுவிட்டுப் போவார் என்பது என் கணக்கு. ஆனால் ஓவன் சூடாகவே இல்லை. டெக்னீஷியன் நவம்பரில்தான் வருவார் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் தீபாவளி வந்தது. எண்ணெய்க் குளியல் முடிந்ததும் வெறும் வயிற்றில் எங்கள் பக்கத்தில் ஒரு லேகியம் சாப்பிடுவோம். இஞ்சி, மிளகு, ஓமம், வெல்லம், நெய் எல்லாம் சேர்த்து அடுப்பில் கிண்டுவது. ஓவனே தேவையில்லை. நிறம் கறுப்பு, வாசனை முரட்டு வாசனை. அதில் என்ன இருக்கிறது என்று எந்தத் தமிழனும் கேட்க மாட்டான், கையை நீட்டுவான். லேகியத்துக்கு ஜெர்மனில் சொல் இல்லையா, அக்கா? சரி, ஜாம் என்றே சொல்லுங்கள்.

மாமனாரும் கையை நீட்டினார். நக்கிவிட்டு, "இதுதான்யா லேகியம், காரம் தூக்கலா இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் புது வேட்டியின் கரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை, உங்க முகம் நல்லா வட்டமா இருக்கு" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நிருபமாவும் சிரித்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதையும் அந்த அதிகாரியிடம் சொல்லுங்கள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். விருந்து அந்தக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டதால் மருந்துக்கும் நான் கணக்குப் பார்க்கவில்லை. செரிமானத்துக்கு நல்லது என்று தினமும் காலையில் கொடுத்தேன். திருச்சிப் பேச்சை அவர் மறந்தார். அதோடு குளியலறை இருக்கும் இடத்தையும் மறந்தார். கண்ணாடியை மூக்கில் போட்டுக்கொண்டே வீடெல்லாம் தேடினார். ஒரு நாள் நிருபமாவை, "சாந்தா, காபி குடு" என்றார். சாந்தா, இறந்துபோன என் மாமியார். நிருபமா சமையலறைக்கு வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளாக என்மேல் சாய்ந்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் நான் கொஞ்சம் பெரிய ஸ்பூனாக எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் அவரைக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். வரைந்து, அதற்கு மீசையும் வைத்தார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம் என்றார் டாக்டர். நிருபமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். டாக்டரைப் பார்க்க வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

பழகிய ஊருக்குக் கூட்டிப் போங்கள் என்று அந்த டாக்டரே சொன்னதுதான் வினை. நிருபமா இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

இனிமேல் கொடுத்துப் பயனில்லை என்று லேகிய டப்பாவை அரிசிக்குள் ஒளித்துவைத்தேன். குளியலறையைக் கண்டுபிடிக்க முடியாதவர் அதைக் கண்டுபிடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். விமான நிலையத்தில் ஒரு போலீஸ் நாய் வந்து அவர் முன்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. "பாவம், இந்த ஜீவனுக்கு வயிறு மந்தமா இருக்கு" என்று டப்பாவைத் திறந்து அதற்கு ஒரு ஸ்பூன் நீட்டினார். நாய் ஒழுக்கமான நாய், தொடவில்லை.

யார் செய்தது என்று கேட்டபோது, தான்தான் செய்ததாகச் சொன்னார். "எங்க மாப்பிள்ளைக்கு வெந்நீர்கூட வெக்கத் தெரியாது சார்." என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாரா, மட்டம் தட்டுவதற்காகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. அவரை உள்ளே வைத்தார்கள். விமானம் போய்விட்டது, நிருபமா வீட்டுக்கு வந்தாள். நான் ரசம் வைத்துக் கொடுத்தேன். நல்ல நாட்கள் அவை.

ஆனால் லேகியம் நின்றதும் உள்ளே அவருக்குப் புத்தி தெளிந்துவிட்டது. தனக்கு ஒரு வக்கீல் வேண்டும் என்று சுத்தமான ஆங்கிலத்தில் கேட்டார். எப்படியும் விட்டுவிடுவார்கள், விட்டால் இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். அதனால்தான் நேற்று நானே இங்கே வந்து சொன்னேன், ராத்திரியும் இங்கேயே இருந்தேன். அவரை நேற்றே விட்டுவிட்டீர்கள், நல்லது. கஞ்சா வாங்கியது, கிண்டியது, ஊட்டியது எல்லாம் நான்தான். என்னை உள்ளே வையுங்கள். புருஷன் ஜெயிலில் இருக்கும்போது எந்தப் பெண் விமானம் ஏறுவாள்? வாரா வாரம் பார்க்க வருவாள். ஃபிரிட்ஜ்போல இருக்காமல் பேசவும் செய்வேன்.

ஏன் அக்கா, நிறுத்திவிட்டீர்கள்?

"தம்பி, நான் இதைச் சொல்லக்கூடாது, எண்டாலும் சொல்லுறன். உங்கட மனுசி இண்டைக்கு விடிய தகப்பனோட பிளேன் ஏறிட்டா."

அப்படியா. வயதானவரைத் தனியாக அனுப்ப மாட்டாள், அவள் குணம் அது. கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடுவாள். ஜெயிலில் என்னைப் பார்க்க வருகிறவர் யார் என்று கேட்டால் அவள் ஒருத்தியின் பெயரை எழுதினால் போதும், அக்கா. முழுப் பெயர், என் பெயரும் சேர்த்து, நிருபமா சேதுராமன்.