போகும்போது ரெண்டு, வரும்போது மூணு

– அதே தண்டவாளம், அதே விழுப்புரம். எக்ஸ்பிரசுக்கு மட்டும் ஏன் தம்பி காசு ஜாஸ்தி?

– அது ஜல்தி போவும், பெரியநாயகம் நைனா. பாசஞ்சர் ஒவ்வொரு ஸ்டேஷனா நின்னு நின்னு போவும்.

– ஜல்தி போனா அவனுக்குத்தானே கரி மிச்சம்? நான் தறியில ஜல்தியா நெஞ்சா எங்க முதலாளி கூலி ஏத்திக் குடுத்துடறாரா?

– தணிகாசலத்தை வுடுங்களேன். பாவம், நாளெல்லாம் களம்பூர் ஸ்டேஷன்ல டிக்கெட் குடுத்துட்டு இப்பத்தான் சைக்கிள வுட்டு எறங்கறாரு.

– நீ சும்மா இரு, சூசைமேரி. கேக்கலன்னா ஏமாத்திடுவானுங்க. தம்பி, பாசஞ்சர்தான் இருக்கறதுலயே கம்மியா? வேற ஒண்ணும் ஒளிச்சி வைக்கலையே?

– அதுக்கும் கம்மின்னா நடந்துதான் போவணும், நைனா. நாளைக்கு சனிக்கிழமை போங்க, ஞாயித்துக்கிழமை வந்துடுங்க. ரெண்டு பேருதானே?

– போறப்ப ரெண்டு, தம்பி. வர்றப்ப மூணு.

– மூணாவுது யாரு, அக்கா?

– எங்க பொண்ணு பாக்கியமேரிதான். ரெண்டு வருஷமாச்சி பார்த்து…

– கூட்டியாறேன்னு நான் எப்ப சொன்னேன்? என்னை ஒரு வார்த்தை கேக்காம வேற வேதத்துக்காரனைக் கட்டிக்கினு போனவ. எப்பிடி இருக்கறான்னு பார்க்கத்தான் போறேன்.

– பத்து நாள் வந்து இருக்கறேன்னு கடுதாசி போட்டிருக்குதே. படிச்சிக் காட்டினேனே!

– மூணு பேரா கிளம்பனா காரியம் வெளங்காது.

– மாதா கோயிலுக்குப் போற ஆளு, நைனா, நீங்களுமா இதெல்லாம் பார்க்கறீங்க?

– கோயில் வேற, இது வேற. மூணுன்னா மூணுதான்.

– இதுக்கா இம்மாம் பேஜார்? எங்க ஊட்ல மூணு பேரா கிளம்பனா மடியில ஒரு கல்லு கட்டிக்குவோம். அதுதான் நாலாவுது ஆளு.

– கல்லுக்கு டிக்கெட் கேட்டா?

– நல்லா கேட்டீங்க! கைக்குழந்தைக்கே கிடையாது, கல்லுக்கு எவன் கேக்கப் போறான்?

– கிடையாதா? ஆறு மாசத்துக்கும் கிடையாதா?

– கிடையாது.

– எழுதி வச்சிருக்குதா, நீயா சொல்றியா?

– ரயில்வே புஸ்தகத்துலயே இருக்குது, நைனா. எதுக்குக் கேக்கறீங்க?

– தம்பி, அவர் கெடக்கறாரு. நான் போயி நல்ல கல்லா ஒண்ணு பொறுக்கியாறேன்.

– உக்காருமே. கல்லு வேணாம்.

– அப்ப எம்பொண்ணக் கூட்டியார மாட்டீங்களா? இதுக்குத்தான் மூணு, மூணுன்னு சாக்கு சொல்லிகினு இருந்தீங்களா?

– நீ படிச்சிக் காட்டின கடுதாசியை எடுத்துகினு போயி, யோவான் வாத்தியார்கிட்ட ரெண்டாந்தரம் படிக்கச் சொன்னேன்.

– ஐயோ… எப்ப?

– அன்னிக்கே. ஞானஸ்நானம் குடுக்காத பேரப்புள்ளன்னா நான் குதிப்பேன்னுதானே அந்த நாலு வரியைத் தாண்டிப் படிச்ச?

– குதிக்க மாட்டீங்களா?

– நாலாவுது ஆளு அங்க ஆறு மாசமா தொட்டில்ல கெடக்குது. கல்ல எதுக்கு நான் சுமக்கணும்?