பின்புறத்தில் எழுத்து இல்லை

பின்புறத்தைப் பார்க்காமல் நான் எந்த ஓவியத்துக்கும் பெறுமதி சொல்வதில்லை. முன்புறத்தை யாரும் பார்ப்பார்கள். வயதும் வந்த வழியும் பின்னால்தான் தெரியும்.

2006 வைகாசியில், ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டிலுள்ள என் வீட்டுக்கு, தெரிந்தவர் ஒருவரின் மகன் அபிசன் ஒரு படத்தோடு வந்தான். கூடவே அவன் கட்டப்போகும் பெண் ஸில்யே. கரிபியன் நாடான ஹெய்ட்டியிலிருந்து மூன்று வயதில் தத்தெடுக்கப்பட்டு ஒஸ்லோவில் வளர்ந்தவள். அவள் வந்து சில மாதங்களில் அங்கிருந்து வந்து சேர்ந்த படம் அது. சோளத்தோட்டம், சிவப்பு மண், உரலில் இடிக்கும் இரண்டு பெண்கள், கோழியைத் துரத்தும் ஒரு சிறுமி. வரைந்தவன் படித்த ஓவியனல்ல. ஆனால் அந்தச் சோளத்தை நட்டவன்.

“விலை முக்கியமில்லை அங்கிள்,” என்றான் அபிசன். “பின்னாலை ஊர் பேர் ஏதும் கிடக்கோ எண்டு பாருங்கோ. இவவுக்குத் தன்னை வேண்டாமெண்டு விட்டவை ஆர் எண்டு அறிய வேணுமாம்.”

“ஓம், பாக்கிறன்.”

இருந்தது. எனக்கு முன்பே யாரோ நல்லெண்ணத்தோடு அந்த எழுத்தின்மேல் தாள் ஒட்டியிருந்தார்கள். நனைத்து உரித்தேன். பலகையில் பிரெஞ்சு. நோர்வேக்கு வரமுன் பாரிசில் நான்கு வருடம் கோப்பை கழுவியவன் நான், வாசிப்பேன். தாய் சொல்ல, பங்குத்தந்தை எழுதியிருந்தார். தன் காய்ச்சல் மாறும்வரை மகளைக் கன்னியர் மடத்தில் விட்டாளாம். திரும்பிப் போனபோது பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்களாம். ‘நான் யாருக்கும் கொடுக்கவில்லை, வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று முடிந்திருந்தது. கீழே ஊரும் கோயிலும்.

கல்யாணத்துக்கு ஆறு கிழமை இருந்தது. ஸில்யே நன்றாகத்தானே இருந்தாள். சிறு கத்தியால் எழுத்தைச் சுரண்டினேன். ஒரு பிற்பகல் பிடித்தது. புதுத்தாள் ஒட்டினேன். அறிக்கையில், பின்புறத்தில் எழுத்து இல்லை என்று குறித்தேன்.

ஸில்யே அதை இரண்டு தரம் வாசித்தாள். “அப்படியென்றால் அவர்களுக்கு நான் வேண்டாம்தான்,” என்று நோர்வேஜிய மொழியில் மெல்லச் சொன்னாள். பிறகு எனக்குக் கைகொடுத்து நன்றி சொன்னாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். அந்தத் தாயை நினைக்கப் பாவமாக இருந்தது. அந்தக் கோயிலின் பங்குத்தந்தைக்கு எழுதினேன்: பிள்ளை நோர்வேக்கு வந்த முதல் மாரியிலேயே இறந்துவிட்டது, வேதனைப்படவில்லை.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. தாய் உயிரோடு இருந்தாராம். நான் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். வெறும் பெட்டி ஒன்றைப் புதைத்தார்களாம். அதன்பிறகு அவர் சாப்பிடவில்லை. பதினெட்டு நாள் கிடந்து போய்விட்டார்.

ஸில்யேக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது.

காத்திருப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து உரும்பிராயில், நான் வெளிக்கிட்டபிறகு, என் அம்மா பத்தொன்பது வருடம் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்து செத்தார். நான் அவருக்கு ஒரே பிள்ளை. ஒரு வரி எழுத, பாவம், அவருக்கு ஒருவரும் இருக்கவில்லை.