காலியான நேரம் எது

நீளமான வாக்கியங்கள் எனக்குப் பிடிக்காது. படிப்பவர் மனிதரானால் நடுவில் கவனம் சிதறும். இயந்திரமானால் தன் இஷ்டத்துக்குப் பொருள் எடுத்துக்கொள்ளும். பதினோரு வருடமாக மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுகிறேன், ஐயா. அதனால் இந்த வாக்குமூலத்தையும் உங்களுக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன்.

அல்மாத்தியில் எங்கள் வீட்டுப் பக்கத்து டயாலிசிஸ் மையத்தில் பதினெட்டு நாற்காலிகள்தான். அங்கும் நகரத்தின் மற்ற மையங்களிலும் எந்த நாற்காலி எப்போது காலி என்று காட்டும் நாட்காட்டிக் கருவி ஒன்றை எங்கள் நிறுவனம் செய்தது. அதைக் கையாள்பவை ஏஐ முகவர்கள். ஞாயிறுதோறும் அவை நோயாளிகளைப் போனில் அழைத்து, அந்த வாரம் வருவார்களா என்று கேட்கும். பதிலைக் கேட்டு நாட்காட்டியில் குறிக்கும். அவற்றுக்கு நாற்காலி தெரியாது, நோயாளியின் வீங்கிய கால் தெரியாது. என் கையேட்டில் இருப்பது மட்டும் தெரியும். எது காலியான நேரம் என்று அவற்றுக்குச் சொல்வதுதான் என் வேலை.

என் கணவர் மார்தென் குளிர்காலத்திலிருந்து காத்திருப்போர் பட்டியலில் இருந்தார். வாரம் மூன்று முறை தேவை. ஊருக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியில் ஒருமுறைதான் கிடைத்தது. அவர் முகம் நாளுக்கு நாள் மண்நிறமாவதைப் பார்த்துக்கொண்டே நான் உதாரணங்களும் விளக்கங்களும் எழுதிக்கொண்டிருந்தேன்.

கீழ்த்தளத்தில் குல்பாஷ் அபா, எங்கள் எல்லோருக்கும் மூத்த அக்கா. ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாள். செவ்வாய், வியாழன், சனி பதினோரு மணி நாற்காலி அவருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பால்தேநீர் ஊற்றிவிட்டுத் தன் கிண்ணத்தில் பாதிக்கு விரல் வைத்து அளந்து ஊற்றிக்கொண்டார். நீர் அதிகம் குடிக்கக்கூடாது. அப்போது போன் வந்தது.

"கடவுள் நாடினா வர்றேன், கண்ணு. நீ சாப்பிட்டியா?"

"அபா, அது மெஷின். வர்றேன்னு மட்டும் சொன்னா போதும்."

"வியாழக்கிழமை என்ன என் சட்டைப்பையிலயா இருக்கு? அடிச்சுச் சொல்ல நான் யாருடி? ட்ராம் ஓட்டுறப்பகூட அடுத்த ஸ்டாப்புக்குக் கண்டிப்பா போவோம்னு நான் சொன்னதில்ல." சிரித்தார். "பாவம், வாய் மட்டும் இருக்கு அதுக்கு. வயிறு இல்ல."

எங்கள் கசாக் பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான். நாளையைப் பற்றி உறுதி சொல்வது அவர்களுக்கு ஆணவம். அதனால்தான் தெளிவில்லாத பதிலை ஊழியரிடம் அனுப்பச் சொல்லிக் கையேட்டில் முதலில் எழுதியிருந்தேன். அப்படி வருபவை அதிகம் என்று ஊழியர்கள் அலுத்துக்கொண்டார்கள். திருத்தச் சொன்னார்கள். உடனே திருத்தவில்லை. மார்தென் பட்டியலில் முதல் பெயராக வந்த வாரம் திருத்தினேன்.

"வருகிறேன் என்ற தெளிவான பதில் மட்டுமே உறுதி. வேறு எந்தப் பதிலையும் மறுப்பாகக் கொள். அந்த நேரம் காலி. காத்திருப்போரில் அடுத்தவருக்குக் கொடு." அதன் கீழே ஓர் உதாரணம். உதாரணம் இல்லாவிட்டால் அவை தடுமாறும்.

பெரியவர்கள் பேசும் விதம் உனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். மற்ற வீடுகளில் மகனோ மருமகளோ போனை எடுப்பார்கள் என்பதும் தெரியும்.

மார்தெனிடம் சொல்லிவைத்தேன். "போன் வந்தா வர்றேன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை வேண்டாம்."

"பட்டாளத்துலயா சேர்க்கப் போற?" என்றார். ஆனால் அப்படியே சொன்னார்.

அவருக்கு அபாவின் நாற்காலி கிடைத்தது. ஒரே வாரத்தில் முகத்தில் மறுபடி ரத்த ஓட்டம் தெரிந்தது. அபா செவ்வாய்க்கிழமை போய்த் திரும்பி வந்தார். வரவில்லை என்று அவரே சொன்னதாகப் பதிவேட்டில் இருந்ததாம். படிக்கட்டில் அவர் பையை வாங்கிக்கொண்டேன்.

"யாருக்கோ என்னைவிட அவசரம் போல. இருந்துட்டுப் போகட்டும், கண்ணு. ஞாயித்துக்கிழமை திரும்பக் கூப்பிடுவாங்களாம்."

அந்த ஞாயிறும் நான் அங்கே இருந்தேன். செருப்பு நுழையாத அளவுக்குக் கால் வீங்கியிருந்தது. போன் வந்தது. கடவுள் நாடினால் வருகிறேன் என்றார். இம்முறை நான் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார். இறந்தவர்களுக்குச் செய்யும் வழக்கப்படி அவர் பெயரால் ஏழு ஷெல்பெக் ரொட்டி பொரித்து, தெருவில் ஏழு வீடுகளுக்குக் கொடுத்தது நான்தான். நகரத்தில் இப்படி நாற்காலி பறிபோய் இறந்தவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர் என்று உங்கள் காகிதத்தில் பார்த்தேன். மற்ற பதினொரு பேரை எனக்குத் தெரியாது.

மையத்தில் அந்த நாற்காலியின் பின்னால் அபாவின் கம்பளிக் காலுறை தொங்கிக்கொண்டிருந்ததாம். மார்தென் அதை அடையாளம் கண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். என் கணினியைத் திறந்து கையேட்டைப் படித்தார்.

"உதாரணத்துல 'நீ சாப்பிட்டியா'ன்னு இருக்கே, ரௌஷன். இது யாரோட பேச்சு?"

"எல்லாரும் பேசறதுதானே," என்றேன்.

அடுத்த ஞாயிறு மையத்தின் போன் வந்ததும் மார்தென் ஸ்பீக்கரைப் போட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "கடவுள் நாடினா வர்றேன், கண்ணு. நீ சாப்பிட்டியா?"

நான் மையத்தை அழைத்தேன். நோயாளி மறுத்துவிட்டார் என்றார்கள். அவரே வேண்டாமென்றால் யார் என்ன செய்வது. கெஞ்சினேன், அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பழைய ஆஸ்பத்திரிக்கும் வர மறுத்துவிட்டார். பன்னிரண்டு நாள்தான் உயிரோடு இருந்தார்.

இனி நீங்கள் எழுதிக்கொள்ளலாம். குல்பாஷ் அபாவின் நாற்காலி, நேரம், பதில் மூன்றும் தெரிந்தே அந்த வாக்கியத்தை எழுதினேன். அவரைக் கொன்றது நான். அந்தப் பதினொரு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மார்தென் பெயரை மட்டும் அதில் எழுதாதீர்கள், ஐயா. என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கு நான் தெளிவாகச் சொல்லியிருந்தேன்.